இரட்டைத் தலை ஸ்பொஞ் ஃபில்டர்: குட்டிச் சிக்லிட் குஞ்சுகளுக்கு எப்படி?

அபிஸ்டோகிராமா, ரேம் போன்ற குட்டிச் சிக்லிட் வகை அலங்கார மீன்களைக் குஞ்சு பொரிக்க வைக்க நினைப்பவர்கள் முதலில் வாங்க வேண்டியது, கொழும்பு மீன் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் இந்த ஸ்பொஞ் ஃபில்டரைத்தான். ஏர் பம்ப் அனுப்பும் காற்றுக் குமிழ்கள் குழாய்வழியே மேலேறும்போது, தண்ணீரை இரண்டு ஸ்பொஞ் தலைகளூடாக இழுத்து வடிக்கும். தொட்டி விளிம்பில் தொங்கும் பவர் ஃபில்டர், நீந்தத் தொடங்கிய குஞ்சுகளை உறிஞ்சிவிடும். இதில் அந்தப் பயமில்லை. ஸ்பொஞ்சின் மேல் படியும் நுண்ணுயிர்ப் படலத்தைக் குஞ்சுகள் நாள் முழுக்கக் கொத்தித் தின்னும். குஞ்சு காக்கும்போது மஞ்சள் ஏறும் அபிஸ்டோகிராமாத் தாய், குஞ்சுக் கூட்டத்தைத் தொட்டிக்குள் வைத்த சிரட்டையிலிருந்து நேரே ஸ்பொஞ்சடிக்குக் கூட்டி வருவது பார்க்க அவ்வளவு அழகு.

60 சென்ரிமீற்றர் நீளம், 30 அகலம், 30 உயரமுள்ள தொட்டிக்கு ஒன்று போதும். புது ஸ்பொஞ் மிதக்கும்; தண்ணீருக்குள் வைத்து, குமிழ் வருவது நிற்கும்வரை பிழியுங்கள். மேலே போகும் குழாய்க்குள் சின்னக் காற்றுக் கல் ஒன்றைப் போட்டால் சத்தம் குறையும், இழுவையும் கூடும். கண்ணாடியில் ஒட்டும் ரப்பர் நாளடைவில் இறுகிக் கழன்றுவிடுவதால், அடியில் பாரம் உள்ளதையே எடுங்கள்.

தண்ணீர் பின்னோக்கி வராமல் தடுக்கும் திரும்பாத வால்வு பெரும்பாலும் பெட்டிக்குள் இருக்காது. ஏர் பம்ப் தொட்டிக்குக் கீழே இருந்தால், கறண்ட் போனதும் தண்ணீர் குழாய்வழியே இறங்கிப் பம்புக்குள் போய்விடும். தனியாக வால்வு வாங்கிப் பூட்டுங்கள், அல்லது பம்பை நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள்.

இரண்டு தலை இருப்பதன் உண்மையான பயன் கழுவும்போதுதான். இந்த முறை ஒரு தலையை மட்டும் கழுவுங்கள்; இரண்டு வாரம் கழித்து மற்றதை. அதுவும் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் மட்டும். குழாய்த் தண்ணீரில் அலசினால் ஸ்பொஞ்சில் வாழ்ந்து அமோனியாவை உடைக்கும் பக்டீரியாவைக் குளோரின் கொன்றுவிடும், அமோனியா ஏறும், முதலில் சாவது குஞ்சுகள்தான். அதேபோல் புது ஃபில்டரை நேரே குஞ்சுத் தொட்டிக்குள் போடாதீர்கள். அந்தப் பக்டீரியா குடியேற, நான்கிலிருந்து ஆறு வாரம் பழைய தொட்டியில் ஓடவிட்டுப் பிறகு மாற்றுங்கள்.

மோட்டார் வெளியே இருப்பதால் இது தண்ணீரைச் சூடாக்காது. கொழும்பில் அது சின்ன விஷயமல்ல. இங்கே தொட்டித் தண்ணீர் 28, 30 பாகையில் நிற்கும். ரேமுக்கு அது பிடித்த சூடு. அபிஸ்டோகிராமாவில் கதை வேறு: முதல் சில வாரங்களில் தண்ணீர் சூடாக இருந்தால் குஞ்சுகளில் ஆண்களே அதிகமாகும் என்பதை ஆய்வாளர்கள் ரோமரும் பைசன்ஹெர்ஸும் 1996இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். 29 பாகையில் வளர்த்துவிட்டுப் பெண் மீன் கிடைக்கவில்லை என்று கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. 26ஐக் குறிவையுங்கள். ஃபில்டரின் குமிழ்கள் மட்டும் அதற்குப் போதாது. கண்ணாடி மூடியை எடுத்து வலை போட்டு, தண்ணீரின் மேற்பரப்பில் காற்று படும்படி சின்ன மின்விசிறி ஒன்றைப் பூட்டினால் இரண்டு மூன்று பாகை இறங்கும். ஆவியாகிக் குறையும் தண்ணீரைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக, குளோரின் நீக்கியே நிரப்புங்கள்.