லேப்டாப்ப பழைய பேட்டரியோட ஓட்டலாமா, மாத்தணுமா, மாத்தினா ஒரிஜினலா, வேற கம்பெனி பண்ற காம்பேட்டிபிளா

பேட்டரி உப்பியிருந்தா இந்த ஒப்பீடே உங்களுக்கு வேணாம். டச்பேட் அமுங்க மாட்டேங்குது, அடிப்பக்கம் தூக்கிட்டு நிக்குது, இதுல எது இருந்தாலும் சார்ஜ் போடுறத உடனே நிறுத்துங்க, உள்ள கேஸ் சேந்திருக்கு, குத்தாம அமுக்காம கழட்டிடணும்.

உப்பல, சீக்கிரம் இறங்குது அவ்ளோதான்னா கணக்கு பாக்கலாம். விண்டோஸ்ல பவர்சிஎஃப்ஜி கமாண்ட் (powercfg /batteryreport) போட்டு பேட்டரி ரிப்போர்ட் எடுத்தா டிசைன் கெபாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டின்னு ரெண்டு வரும், 50,000 மில்லிவாட் ஹவர் இருந்தது இப்ப 36,000னா 72% தான் மிச்சம். மேக்ல சைக்கிள் கவுன்ட்டும் தெரியும், இப்ப வர்ற மேக்புக்குக்கு ஆப்பிள் சொல்ற வரம்பு 1000. சார்ஜர சொருகுற ஒவ்வொரு தடவையும் ஒரு சைக்கிள் இல்லங்க, இன்னைக்கு 60% நாளைக்கு 40% செலவாச்சுன்னா ரெண்டும் சேந்துதான் ஒண்ணு.

80%க்கு கீழ போனாலே மாத்துன்னு சொல்றவங்க நிறைய, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. மேஜையிலயே சொருகி வச்சு வேலை பாக்குறவங்களுக்கு 65% இருந்தாலும் போதும், சார்ஜ் 80%லயே நிக்குற மாதிரி லிமிட் வச்சுட்டு ஓட்டலாம், ஏன்னா 100%லயே சூட்டோட நிக்குறதுதான் லித்தியம் அயான் பேட்டரிய வேகமா அரிக்கும். ஆனா 30% காட்டிட்டு இருக்கும்போதே பொசுக்குன்னு ஆஃப் ஆகுதுன்னா கதை வேற. ஒரு தடவ ஃபுல்லா ஏத்தி, முழுசா இறக்கி, திரும்ப ஏத்தி பாருங்க, மீட்டர் தப்பா காட்டினதா இருந்தா அதுல சரியாகிடும். அப்பவும் அப்படியேன்னா பேட்டரி செல்லுக்குள்ள ரெசிஸ்டன்ஸ் (மின்தடை) ஏறிடுச்சு, லோடு வந்ததும் வோல்டேஜ் சரியுது, ரிப்போர்ட்ல 85% இருந்தாலும் நான் மாத்திடுவேன், எழுதிட்டிருந்த ஃபைல் போனா வர்ற வலி பெருசு.

மாத்துறதுன்னு ஆயிட்டா என் ஓட்டு ஒரிஜினலுக்கு. காம்பேட்டிபிள்ல நல்லதும் இருக்கு, ஆனா லேபிள்ல போட்ட கெபாசிட்டி உள்ள இருக்குமான்னு வாங்குறதுக்கு முன்னாடி தெரியாது, சில லேப்டாப் அத ஏத்துக்காம வார்னிங் காட்டும், சிலதுல சார்ஜே ஏறாது. நான் விலைய பாத்து ஒண்ணு வாங்கி எட்டே மாசத்துல அதுவும் உப்பிடுச்சு, திரும்ப ஒரு தடவ செலவு. ஆனா ரொம்ப பழைய மாடல்னா ஒரிஜினல்லயும் ஜாக்கிரத, லித்தியம் செல் சும்மா கிடந்தாலும் வயசாகும், தயாரிச்ச தேதி கேக்காம வாங்காதீங்க. எத வாங்கினாலும் ரிட்டர்ன் டைம் முடியுறதுக்குள்ள ஒரு ரிப்போர்ட் எடுத்து அந்த ரெண்டு நம்பரையும் பாத்துடுங்க.