ஸ்பின்னர் இறங்கியிருந்தால் ஸ்பின்னரை மாற்றச் சொல்பவரிடம் ஜாக்கிரதை

சின்ன விமானம் சொந்தமாக வைத்திருப்பவர்கள், நாலு பேர் சேர்ந்து பங்கு போட்டு வைத்திருப்பவர்கள், கிளப் விமானத்தின் பராமரிப்பைக் கவனிப்பவர்கள் எல்லோருக்கும் இந்தப் பதிவு. ஒரு பராமரிப்புப் பட்டறை எஞ்சின் மவுண்ட் (எஞ்சினை விமானத்தோடு பிடித்திருக்கும் இரும்புச் சட்டம்) ரப்பர்களை மாற்றியதாக லாக்புக்கில் (விமானத்தின் பராமரிப்புப் பதிவேட்டில்) கையெழுத்துப் போட்டு, முழுத் தொகையும் வாங்கிக்கொண்டு, பழைய ரப்பர்களையே துடைத்துத் திரும்ப மாட்டி அனுப்பியிருக்கிறது. அதற்கு முன்னால் தேவையே இல்லாத ஒரு ஸ்பின்னரையும் (ப்ரொப்பெல்லரின் நடுவில் மாட்டும் கூம்பு மூடி) என் தலையில் கட்டியது. புகார் விசாரணையில் இருப்பதால் பட்டறையின் பெயரைப் போடவில்லை. ஆனால் அவர்கள் கையாண்ட வழியை எந்தப் பட்டறையும் கையாளலாம் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

என்னுடையது நான்கு சிலிண்டர் லைகமிங் எஞ்சின், டைனஃபோக்கல் என்ற வகை மவுண்ட். முன்னால் நின்று பார்த்தால் ஸ்பின்னரின் மேல் விளிம்பு கௌலிங்கை (எஞ்சினை மூடியிருக்கும் உறையை) விடத் தாழ்ந்திருந்தது. கீழ்ப்பக்கம் ஸ்பின்னரின் பின்தட்டு கௌலிங்குக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தது. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் பின்தட்டுக்கும் கௌலிங்குக்கும் நடுவே உள்ள இடைவெளி மேலே அகலம், கீழே குறுகல். மூக்கு குனிந்த எஞ்சின் அப்படித்தான் தெரியும். முனை கீழே இறங்கும்போது பின்தட்டின் அடிப்பகுதி பின்னோக்கிச் சாய்கிறது, அவ்வளவுதான். மவுண்ட் ரப்பர்களைப் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்துத்தான் விமானத்தை விட்டேன். திரும்பி வந்தது புது ஸ்பின்னர், புது பின்தட்டு, அதற்கான பில். “சார், பழசு நெளிஞ்சிருந்தது, கண்ணாலயே தெரிஞ்சது” என்றார் பொறுப்பாளர். பழையதைக் காட்டச் சொன்னேன். அது ஏற்கெனவே கழிவுக்குப் போய்விட்டதாம்.

ஸ்பின்னர் நெளிந்திருக்கிறதா, எஞ்சின் இறங்கியிருக்கிறதா என்று பிரித்துப் பார்ப்பது பெரிய வித்தையே இல்லை. கௌலிங்கின் விளிம்பில் ஒரு இடத்தைக் குறித்துக்கொண்டு, ப்ரொப்பெல்லரைக் கையால் மெதுவாகச் சுற்றி, அந்த ஒரே இடத்தில் இடைவெளியை அளந்துகொண்டே வர வேண்டும். சுற்றச் சுற்ற இடைவெளி கூடிக் குறைந்தால் கோளாறு ப்ரொப்பெல்லரோடு சேர்ந்து சுற்றுகிறது. அப்போது ஸ்பின்னர், பின்தட்டு, அதைப் பொருத்திய விதம் இவற்றைச் சந்தேகிக்கலாம். எவ்வளவு சுற்றினாலும் அந்த இடத்தில் அளவு மாறாமல், மேலே எப்போதும் அகலம், கீழே எப்போதும் குறுகல் என்று இருந்தால் ஸ்பின்னர் நிரபராதி, எஞ்சினே குனிந்திருக்கிறது. என் விமானத்தில் பழைய ஸ்பின்னரிலும் அளவு மாறவில்லை, புதியதிலும் மாறவில்லை. அளவுகளும் புகைப்படங்களும் கைவசம் இருந்ததால்தான் பின்னால் வாக்குவாதத்தில் அவர்களால் ஒன்றும் பேச முடியவில்லை.

இதைச் செய்து பார்க்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சாவி கையில் இருக்க வேண்டும், மிக்ஸ்சர் (எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் குமிழ்) முழுவதும் வெளியே இழுத்திருக்க வேண்டும், சக்கரங்களுக்குக் கட்டை வைத்திருக்க வேண்டும். மேக்னட்டோவின் (பிளக்குகளுக்குத் தீப்பொறி தரும் கருவி) தரைக் கம்பி அறுந்திருந்தால் சுவிட்ச் அணைந்திருந்தாலும் எஞ்சின் ஒரு வெடி வெடிக்கும். சிலிண்டருக்கு ஒரு பிளக்கைக் கழற்றிவிட்டுச் சுற்றுவது இன்னும் நல்லது.

இடது வலது வித்தியாசத்தை வைத்து யாராவது பயமுறுத்தினால் அவசரப்பட வேண்டாம். பல விமானங்களில் எஞ்சினை வேண்டுமென்றே ஒன்றிரண்டு டிகிரி வலப்பக்கம் திருப்பித்தான் பொருத்தியிருப்பார்கள். அது வடிவமைப்பு.

அடுத்து மவுண்ட் கதை. ப்ரொப்பெல்லரும் துணைக்கருவிகளும் சேர்ந்து 150 கிலோவை நெருங்கும் எடையை, பின்பக்கம் நான்கே இடத்தில் பிடித்து அந்தரத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். சுவரில் திருகிய அலமாரியை நினைத்துக்கொள்ளுங்கள்: மேல் திருகு இழுபடும், கீழ்ப்பகுதி சுவரை அழுத்தும். இங்கேயும் அதேதான். ஒவ்வொரு மூலையிலும் மவுண்ட் வளையத்துக்கு முன்னால் ஒரு ரப்பர், பின்னால் ஒரு ரப்பர், நடுவே போல்ட். எஞ்சினின் மேல்பாகம் முன்னோக்கி இழுப்பதால் மேல் மூலைகளில் பின்பக்க ரப்பர் நசுங்கும். கீழ்பாகம் பின்னோக்கித் தள்ளுவதால் கீழ் மூலைகளில் முன்பக்க ரப்பர் நசுங்கும். சுமை தாங்குவது இந்த நாலுதான். அதனால் சில தொகுப்புகளில் இரண்டு வகைக் கடினத்தில் ரப்பர் வரும். கடினமானது சுமை உள்ள இடத்துக்கு, மென்மையானது எதிர்ப்பக்கத்துக்கு. வரைபடத்தைப் பார்க்காமல் மாற்றி மாட்டினால் புது ரப்பர்கூடச் சீக்கிரமே இறங்கிவிடும். வெப்பம், எண்ணெய்க் கசிவு, கழுவும் திரவம், வயது எல்லாமே ரப்பரின் எதிரிகள். பின்னால் ரப்பர் ஒரு மில்லிமீட்டர் அமுங்கினால் ஸ்பின்னரில் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் தெரியும்.

ஸ்பின்னர் மாற்றியும் அதே குனிவு இருப்பதைக் காட்டியதும், “அப்போ மவுண்ட்தான் சார்” என்று கூசாமல் சொன்னார்கள். நான் முதலில் எழுதிக் கொடுத்ததே அதுதான்! சரி, வேலை நடக்கட்டும் என்று விட்டேன். விமானம் வந்தபோது ஸ்பின்னர் கௌலிங்கோடு அச்சாகப் பொருந்தியிருந்தது. லாக்புக்கில் ‘புதிய ரப்பர் தொகுப்பு பொருத்தப்பட்டது’ என்று பாகத்தின் எண்ணோடு பதிவு. பார்க்க எல்லாம் சரியாகவே இருந்தது.

சில வாரங்களில் மூக்கு மறுபடி இறங்க ஆரம்பித்தது. புது ரப்பரும் முதல் சில பத்து மணி நேரத்தில் கொஞ்சம் படியும், அது இயல்பு. விமானத்தைத் தாங்களே கட்டுகிறவர்கள் அதற்காகவே ஸ்பின்னரை ஒரு 3 மில்லிமீட்டர் உயர்த்தி வைத்துக் கௌலிங்கைப் பொருத்துவார்கள். ஆனால் இது படிதல் இல்லை. ஒரு நாள் இறங்கி நிறுத்தியதும் பெயின்ட் கருகும் வாடை வந்தது. எக்ஸாஸ்ட் குழாய் கீழ்க் கௌலிங்கின் வெட்டு விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. அன்றோடு பறப்பதை நிறுத்திவிட்டு, அந்தப் பட்டறைக்குச் சம்பந்தமில்லாத வேறொரு மெக்கானிக்கை அழைத்தேன்.

அவர் கௌலிங்கைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ரப்பர்கள்மேல் டயருக்கு அடிக்கும் பளபளப்புத் திரவம் போல ஏதோ பூசியிருந்தது. துணியால் துடைத்தால் அடியில் நுண்ணிய வெடிப்புகள். எஞ்சினைத் தூக்குக் கருவியில் தாங்கி (விமானத்தின் வால் தரையில் உட்காராமல் இருக்க அதற்கும் ஒரு தாங்கி வேண்டும்) மூலைகளைப் பிரித்தபோது மற்றதும் வெளியே வந்தது. ரப்பரில் வார்ப்பிலேயே பதிந்திருந்த தயாரிப்புக் காலம் பல வருஷம் பழையது. முன்பக்க ரப்பர்களைப் பின்னாலும் பின்பக்கத்தை முன்னாலும் மாற்றிப் போட்டிருந்தார்கள். நசுங்காத பக்கம் சுமைக்கு வந்ததால் முதல் நாள் மூக்கு நிமிர்ந்து நின்றது. ஆனால் அந்தப் பக்கத்து ரப்பர் மென்மையானது, அதுவும் பழையது. அதுதான் இவ்வளவு வேகமாக இறங்கியது.

அது போதாதென்று கீழ் இரண்டு மூலைகளிலும் எஞ்சின் காதுக்கும் (மவுண்ட் போல்ட் நுழையும் துருத்தல்) ரப்பருக்கும் நடுவே வாஷர்களை அடுக்கியிருந்தார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது இந்த இடத்தில்தான். எஞ்சினின் கீழ்பாகத்தை முன்னோக்கித் தள்ளினால் மூக்கு உயரும். சில விமானங்களின் பராமரிப்புக் கையேட்டிலேயே இத்தனை வரை போடலாம் என்று அனுமதியும் உண்டு. எனவே வாஷரைப் பார்த்ததுமே யாரையும் திருடன் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இங்கே கையேட்டின் வரம்பும் கிடையாது, விமானத் தர வாஷரும் கிடையாது. அடுக்கு தடிமனானதால் போல்ட்டின் நீளம் பற்றாமல், நட்டுக்கு வெளியே ஒரு மரைகூடத் தெரியவில்லை. எஞ்சினைப் பிடித்திருக்கும் நான்கு போல்ட்டுகளில் இரண்டு அந்த நிலையில்!

பேசப் போனபோது பொறுப்பாளரின் முதல் பதில், “இன்னும் கொஞ்சம் டைட் பண்ணியிருந்தா சரியாயிருக்கும் சார்.” இது பச்சைப் பொய். ரப்பருக்குள்ளே ஒரு இரும்புக் குழாய் இருக்கிறது. போல்ட்டை இறுக்கும்போது கடைசியில் இறுகுவது அந்தக் குழாயின் மேல்தான். அதற்கு மேல் எவ்வளவு முறுக்கினாலும் மூக்கு ஒரு இழைகூட ஏறாது, போல்ட்தான் பாழாகும். இரண்டாவது பதில், லாக்புக்கில் பையன் தவறாக எழுதிவிட்டான் என்பது. பில்லிலுமா அந்தப் பையன் தவறாக எழுதினான்?

மவுண்ட் வேலைக்கு விமானத்தைக் கொடுக்கிறவர்கள், கொடுக்கும் முன் ஸ்பின்னரைச் சுற்றி நாலு திசையிலும் இடைவெளியை அளந்து படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புது ரப்பரோடு வந்த சான்றிதழை, அமெரிக்க விமானத்துறை அமைப்பான எஃப்ஏஏவின் 8130-3 படிவமோ ஐரோப்பிய அமைப்பான ஈஏஎஸ்ஏவின் படிவம் 1 போன்றதோ எதுவானாலும், நகலாகக் கேட்டு வாங்குங்கள். கழற்றிய பழைய ரப்பர்களை எண்ணி ஒரு பையில் போட்டுத் தரச் சொல்லி வேலை ஆணையிலேயே எழுதிவிடுங்கள். கௌலிங்கை மூடும் முன் கூப்பிடச் சொல்லுங்கள். ரப்பரின் தயாரிப்புக் காலத்தையும் சான்றிதழையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஐந்து நிமிஷத்தில் விஷயம் தெரிந்துவிடும். எரிச்சல்படும் பட்டறையிலிருந்து விமானத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம். நல்ல மெக்கானிக் யாரும் இதற்கு முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. இப்போது வேலை செய்தவர் பழைய ரப்பர்களை நான் கேட்காமலே மேஜைமேல் வரிசையாக வைத்திருந்தார். மவுண்டின் இரும்புச் சட்டத்தில் வெல்டிங் வெடிப்பு இல்லை என்பதையும் அவர்தான் பார்த்துச் சொன்னார். மூக்கு இறங்கினால் அந்தச் சட்டத்தையும் பார்க்காமல் விடக் கூடாதாம். ரப்பர்மேலேயே பழியைப் போட்டுவிட்டுப் போவது சுலபம்.

பட்டறை இப்போது கூலியை மட்டும் திருப்பித் தருவதாகச் சொல்கிறது. ஸ்பின்னரைப் பற்றியும் ரப்பரின் விலையைப் பற்றியும் பேச்சே இல்லை. நான் ஒப்புக்கொள்ளவில்லை. செய்யாத வேலையைச் செய்ததாக லாக்புக்கில் எழுதுவது வெறும் பணத் தகராறு அல்ல என்பதால் விமானப் பாதுகாப்பு அதிகாரிகளிடம் படங்களோடும் பழைய ரப்பர்களோடும் கொடுத்திருக்கிறேன். உங்கள் விமானத்துக்குச் சமீபத்தில் மவுண்ட் வேலை நடந்திருந்து, மூக்கு மறுபடியும் இறங்குவது போலத் தோன்றினால், அடுத்த தடவை கிளம்பும் முன் கௌலிங்கைக் கழற்றிக் கீழ் மூலைகளில் வாஷர் இருக்கிறதா, நட்டுக்கு வெளியே போல்ட் மரை தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் பறக்காதீர்கள்.