ரேடியாலஜி ரெசிடென்சி: நான் பயின்ற ஐந்து இடங்கள்

ஸ்கேன், எக்ஸ்ரே படங்களைப் பார்த்து நோயைக் கண்டறியும் துறையான ரேடியாலஜியில் ரெசிடென்சி, அதாவது நிபுணராவதற்கான பயிற்சி, முடித்து சில மாதங்கள் ஆகின்றன. சேரும்போது நானும் எந்திரங்களைத்தான் எண்ணினேன். 3 டெஸ்லா காந்த வலிமையுள்ள எம்ஆர்ஐ உண்டா, சிடி ஒரு சுற்றில் எத்தனை ஸ்லைஸ் (குறுக்குவெட்டுப் படம்) எடுக்கும், கதிரியக்க மருந்து செலுத்தி எடுக்கும் பெட் சிடி இருக்கிறதா, ரத்தக் குழாய்க்குள் கருவி செலுத்திச் சிகிச்சை செய்யும் ஆஞ்சியோ அறை எங்கள் துறைக்கென்று தனியாக உள்ளதா, இவ்வளவுதான் என் கேள்விகள். எல்லாம் இருந்தன, சேர்ந்துவிட்டேன். பயிற்சி ஒரே கட்டடத்தில் நடக்கவில்லை. தலைமை ஆஸ்பத்திரி, விபத்துச் சிகிச்சை ஆஸ்பத்திரி, குழந்தைகள் ஆஸ்பத்திரி, மார்பகப் பிரிவு, வெளிநோயாளி ஸ்கேன் மையம் என்று ஐந்து இடங்களில் மாற்றி மாற்றிப் போட்டார்கள். பெயர்களைச் சொல்லப் போவதில்லை. இப்போது யாராவது என்னிடம் யோசனை கேட்டால், நீங்கள் ரிப்போர்ட் எழுதிய நோயாளி அப்புறம் என்ன ஆனார் என்ற செய்தி உங்கள் மேஜைக்குத் திரும்பி வருகிற இடமா என்று முதலில் விசாரியுங்கள் என்பேன். இந்த ஐந்தையும் அதை வைத்துத்தான் எடைபோடுகிறேன்.

தலைமை ஆஸ்பத்திரியில் வசதிக்குக் குறைவே இல்லை. படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் ரீடிங் ரூம் விசாலமானது, விளக்கின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளலாம், மேஜையை ஏற்றி இறக்கலாம், ஒவ்வொரு இருக்கையிலும் நல்ல மானிட்டர் இரண்டு. நான் சேர்ந்தபோது அந்த அறை தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு எதிரிலேயே இருந்தது. காலையில் அறுவை சிகிச்சைக்காரர்கள் அப்படியே உள்ளே வந்து நிற்பார்கள், நேற்று நீங்கள் குடல்வால் வீங்கியிருக்கிறது என்று எழுதினீர்களே, திறந்து பார்த்தால் பக்கத்தில் சீழ்க்கட்டியும் இருந்தது என்று சொல்வார்கள், நாங்கள் உடனே அந்தப் படத்தை மறுபடி திறந்து அந்தச் சீழ் எங்கே ஒளிந்திருந்தது என்று தேடுவோம். இரண்டாம் ஆண்டில் ரீடிங் ரூமை வேறு மாடிக்கு மாற்றினார்கள். புது அறை பழையதைவிட அழகு. ஆனால் வருகை நின்றுவிட்டது. படம் எல்லாருடைய கணினியிலும் தெரிகிறது, ரிப்போர்ட்டும் தெரிகிறது, பிறகு ஏன் மாடி ஏறி வருவார்கள்? எங்களுக்கு வந்துகொண்டிருந்த பதில் அதோடு போய்விட்டது. இதைவிடப் பெரிய இழப்பு என் பயிற்சிக் காலத்தில் வேறில்லை என்று நினைக்கிறேன்.

அங்கே இருந்த ஒரு நரம்பியல் பிரிவு கன்சல்டன்டை (மூத்த நிபுணரை) மறக்க முடியாது. பக்கவாதம் என்று வந்த ஒருவரின் மூளை சிடியை வழக்கமான 80 விண்டோ அகலத்தில் (திரை கறுப்பிலிருந்து வெள்ளைவரை காட்டும் வரம்பு, குறைத்தால் சிறு வேறுபாடும் தெரியும்) பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றேன். அவர் எதுவும் பேசாமல் அகலத்தை 40க்கு இறுக்கினார். மூளையின் வெள்ளைப் பகுதிக்கும் சாம்பல் பகுதிக்கும் நடுவே இருக்க வேண்டிய கோடு இடதுபக்கம் அழிந்து கிடந்தது, அதுதான் பக்கவாதத்தின் அடையாளம். இப்படி ஒருவர் பக்கத்தில் உட்காரும் நாள்களில் எந்தப் பெரிய எந்திரமும் தேவையில்லை, சாதாரண சிடியே போதும்.

அதே ஆஸ்பத்திரியில் இன்டர்வென்ஷன் போஸ்டிங், அதாவது படத்தைப் பார்த்தபடியே ஊசி, குழாய் செலுத்திச் சிகிச்சை செய்யும் பிரிவில் போட்ட காலம், எனக்கு ஏமாற்றம். ஆஞ்சியோ அறை முதல் தரம், ஆனால் ரெசிடென்சி முடித்து மேற்பயிற்சிக்கு வந்த ஃபெல்லோக்கள் நிறைய, வாய்ப்பு அவர்களுக்கே போகும். ரத்தக் குழாய்க்குள் நுழைய செல்டிங்கர் என்ற மருத்துவர் 1953இல் எழுதிய அதே வழிதான் இன்றும், ஊசி, வயர், கதீட்டர் (மெல்லிய குழாய்). புத்தகத்தில் படித்தால் ஐந்து நிமிடம், கையில் படிய நூறு தடவை வேண்டும். ஆறு வாரம் கதிர்வீச்சைத் தடுக்கும் ஈய ஏப்ரன் போட்டுக்கொண்டு வயரின் வால்பக்கத்தைப் பிடித்து நின்றதுதான் மிச்சம். ஈயக் கண்ணாடியும் அறைக்கு இரண்டே இரண்டு, அவை மூத்தவர்களுக்கு. பணியாளர்களின் கண் வில்லைக்கான கதிர்வீச்சு வரம்பை ஐசிஆர்பி என்ற சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் 2011இல் ஆண்டுக்கு 150 மில்லிசீவர்ட்டிலிருந்து (கதிர்வீச்சின் அளவை) ஐந்தாண்டுச் சராசரியாக 20க்குக் குறைத்துவிட்டது, காரணம் முன்பு நினைத்ததைவிடக் குறைவான அளவிலேயே கண்புரை வருவது தெரிந்ததால்தான். பயிற்சி மருத்துவரும் மேஜைக்கு அருகிலேயே நிற்கிறார் என்னும்போது அவருக்குக் கண்ணாடி இல்லை என்பதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. ஏப்ரனும் பெரிய அளவில் மட்டுமே, சிறிய உடல்வாகுள்ள தோழிகளுக்கு அக்குள் பக்கம் திறந்தே கிடக்கும். மார்பகத்தின் ஓரம் அங்கேதான் இருக்கிறது. சேரப்போகும் இடத்தில் ஏப்ரன் மாட்டும் ஸ்டாண்டைப் போய்ப் பாருங்கள். தொங்குகிறதா, மடித்துப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள், மடித்தால் உள்ளே இருக்கும் ஈயம் விரிசல் விடும்.

பெட் சிடி பிரிவில் கதிரியக்க மருந்து வெளியிலிருந்து வரும். அதிலுள்ள எஃப்-18 என்ற கதிரியக்க ஃபுளூரினுக்கு அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறையும் நேரம், சுமார் 110 நிமிடம், வண்டி தாமதமானால் அன்றைய நோயாளிப் பட்டியலே கலைந்துபோகும். பரீட்சைக்காகப் படித்த இயற்பியல் அங்கே கண்முன்னால் நடந்தது.

சரி, விபத்து ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். கட்டடம் பழையது, ஒரே சிடி, 64 ஸ்லைஸ், எம்ஆர்ஐ 1.5 டெஸ்லா, ரீடிங் ரூம் என்பது சிடி கன்சோலுக்குப் பின்னால் ஒரு தடுப்பு. முதல் நாள் மனம் சுருங்கிப்போனது. ஆனால் நான் ரேடியாலஜிஸ்ட் ஆனது அங்கேதான். இரவு அல்ட்ராசவுண்டுக்குத் தனி ஆள் கிடையாது, உடம்பில் வைத்துப் பார்க்கும் புரோபை நாமே எடுக்க வேண்டும். நள்ளிரவு தாண்டி விதைப்பையில் வலி என்று ஒரு பையனைக் கொண்டுவந்தார்கள். வலிக்காத பக்கத்தில் முதலில் ரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் டாப்ளர் வைத்துப் பார்த்து, அதே செட்டிங்கை மாற்றாமல் வலிக்கிற பக்கம் வைத்தேன், நிறமே வரவில்லை. முறுக்கிக்கொண்ட விதையைக் காப்பாற்ற வலி தொடங்கியதிலிருந்து ஆறு மணி நேரம்தான் நல்ல வாய்ப்பு. போனை எடுத்து அறுவை மருத்துவரை எழுப்பும்போது என் குரல் நடுங்கியது. காலையில் அவரே வந்து, விதை பிழைத்தது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அங்கே காலை 7 மணிக்கு ஒரு வழக்கம் உண்டு. இரவு நாம் எழுதிய முதல்கட்ட ரிப்போர்ட்டுகளை எல்லாம் கன்சல்டன்ட் நம்மைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு மறுபடி பார்ப்பார், வித்தியாசம் இருந்தால் ஒரு பதிவேட்டில் எழுதுவார், திட்டமாட்டார். ஒரு இரவு மோட்டார் சைக்கிள் விபத்து ஒன்றில் மண்ணீரல் கிழிந்திருப்பதைச் சரியாகப் பிடித்தேன், அந்த நிம்மதியில் முதுகெலும்பின் பக்கவாட்டுப் படத்தைத் திறக்கவே இல்லை. அங்கே ஒரு முள்ளெலும்பு முறிந்திருந்தது. ஒன்று கிடைத்ததும் கண் தேடுவதை நிறுத்திவிடும் என்று வகுப்பில் படித்ததுதான். நோயாளியை அசைக்காமல் வைத்திருந்ததால் கெடுதல் ஏதும் நேரவில்லை. அன்றிலிருந்து வயிற்று சிடி எதுவானாலும் பக்கவாட்டுப் படத்தைப் பார்க்காமல் நான் மூடுவதில்லை. தலைமை ஆஸ்பத்திரியிலும் இப்படித் திருத்துவார்கள், ஆனால் திருத்திய ரிப்போர்ட் சத்தமில்லாமல் கணினியில் மாறிவிடும், நாமாகத் தேடிப் போனால்தான் தெரியும்.

குழந்தைகள் ஆஸ்பத்திரி நல்ல இடம், கொடுத்த காலம்தான் போதாது. குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்துகொள்ளும் குடல் செருகலுக்கு ஆசனவாய் வழியாகக் காற்றுச் செலுத்தி, அழுத்தத்தை 120 எம்எம்எச்ஜிக்கு (பாதரச மில்லிமீட்டருக்கு) மேல் விடாமல், செருகிய குடல் மெல்லப் பின்வாங்கிச் சிறுகுடலுக்குள் காற்று பாயும் அந்த நொடியை ஃபுளூரோஸ்கோப்பியில் (ஓடும் எக்ஸ்ரே படத்தில்) பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. குழந்தையின் எடைக்கேற்பத் தனித்தனி சிடி கதிர்வீச்சு அளவுகள் எழுதி ஒட்டியிருந்தார்கள், அதைவிட முக்கியமாக, சிடி வேண்டாம் அல்ட்ராசவுண்ட் போதும் என்று போனில் சொல்லப் பயப்படாத மருத்துவர்கள் இருந்தார்கள். கைக்குழந்தைகளுக்குப் பாலூட்டி, துணியில் நன்றாகச் சுற்றி, மயக்க மருந்து இல்லாமலே எம்ஆர்ஐ எடுப்பார்கள். எந்திரம் ஓடத் தொடங்கும்வரை அறையில் யாரும் மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்காது.

மார்பகப் பிரிவில் 5 மெகாபிக்சல் மானிட்டர், மார்பகத்தை அடுக்கடுக்காகக் காட்டும் டோமோசிந்தசிஸ் எல்லாம் உண்டு, ஊசியால் திசு எடுக்கும் பயாப்சியை நம் கையாலேயே செய்யலாம். நாம் ஒரு கட்டியை பைராட்ஸ் 4 (மார்பகப் படங்களைத் தரப்படுத்தும் முறையில் சந்தேகத்துக்குரியது) என்று எழுதி, பயாப்சி எடுத்து, அடுத்த வாரம் நோய்க்கூறியல் மருத்துவரோடு உட்கார்ந்து, படம் சொன்னதும் திசு சொன்னதும் பொருந்துகிறதா என்று பார்ப்போம், பொருந்தாவிட்டால் அந்தப் பெண்ணை மறுபடி அழைப்போம். விடை கையில் வந்து சேருவதில் இந்தப் பிரிவை மிஞ்ச ஆளில்லை.

வெளிநோயாளி மையத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நாள் முழுக்க இயல்பான படங்கள், இயல்பு எப்படி இருக்கும் என்று கண் பழகும், வேகம் கூடும். எடுத்த படம் யாருடையது, பிறகு என்ன ஆனது என்று கடைசிவரை தெரியாது.

ஐந்து இடத்துக்கும் தனித்தனி பாக்ஸ் (படங்களைச் சேமித்துக் காட்டும் கணினி அமைப்பு), தனித்தனி பாஸ்வேர்ட். ஒரு இடத்தில் பார்த்த நோயாளியின் பழைய படம் இன்னொரு இடத்தில் திறக்காது, போஸ்டிங் முடிந்ததும் பாஸ்வேர்டும் முடிந்துவிடும், நாம் சேர்த்துவைத்த கேஸ் பட்டியலும் அதோடு போகும். இதையும், ரீடிங் ரூம் மாடி ஏறியதையும் எழுதி, வெளியேறும்போது எங்கள் பேட்ச் முழுவதும் கையெழுத்திட்டுக் கொடுத்தோம். பாஸ்வேர்ட் விஷயம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேஜையும் இரண்டு மானிட்டரும் போட்டிருக்கிறார்களாம், காலையில் ஒரு ரெசிடென்ட் அங்கே போய் உட்காருகிறார் என்று ஜூனியர் ஒருவர் போன வாரம் சொன்னார்.