பழைய எச்எம்டியா, புது லேத்தா: வீட்டுப் பட்டறைக்கு எதை வாங்கலாம்?

ராணிப்பேட்டை, காட்பாடி பக்கம் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட் போட்டு சொந்தமாக லேத் (உலோகத்தைச் சுழற்றிக் கடையும் மெஷின்) வைக்க ஆசைப்படுபவர்கள் நிறைய. பெல் (பிஎச்இஎல்) தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள், சிப்காட்டில் டர்னராக இருப்பவர்கள், ஐடிஐ முடித்த பையன்கள். கம்பெனி கழித்துவிட்ட பழைய எச்எம்டி, கிர்லோஸ்கர், பிஎஸ்ஜி லேத்தை வாங்குவதா, பெட்டியில் வந்து இறங்கும் புது மெஷினை வாங்குவதா என்பதில்தான் எல்லாரும் நிற்கிறார்கள். லேத் என்றால் பழசு, டிரில்லிங்கும் கிரைண்டரும் என்றால் புதுசு. இது என் கட்சி.

முதலில் ஒன்று. புதுசு என்று சொல்லும்போது இரண்டு வேறு வேறு சாமான்களைச் சேர்த்துப் பேசிவிடுகிறோம். ஒன்று, ஆன்லைனில் வரும் சீன மினி லேத்: 180 மி.மீ. ஸ்விங் (சுழற்றக்கூடிய அதிகபட்ச விட்டம்), 350 மி.மீ. நீளம், இரண்டு பேர் தூக்கி மேஜை மேல் வைத்துவிடலாம், வீட்டு பிளக்கில் ஓடும். இன்னொன்று, ராஜ்கோட், பட்டாலா பக்கம் செய்து நாலரை அடி, ஆறடி என்று பெட் (எல்லாம் உட்காரும் அடித்தளம்) நீளத்தைச் சொல்லி விற்கிற லேத்.

மினி லேத்தில் பித்தளை புஷ், அலுமினியம், சின்னச் சின்ன மாடல் வேலை எல்லாம் நன்றாகவே வரும். ஆனால் 25 மி.மீ. எம்எஸ் (சாதா இரும்பு) ராடைப் போட்டு, துண்டாக அறுக்கும் பார்ட்டிங் டூலை உள்ளே விட்டுப் பாருங்கள், மெஷினே அதிர ஆரம்பிக்கும். எடை இல்லை, பெட் மெலிசு, அதனால் டூல் வெட்டும் விசையைத் தாங்கிப் பிடிக்க ஆள் இல்லை. மாடி வீட்டில் இருப்பவருக்கும், வேலூர் கொணவட்டம், சைதாப்பேட்டை மாதிரி குறுகலான சந்துக்குள் வீடு உள்ளவருக்கும் இதைவிட்டால் வழியில்லை என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

ராஜ்கோட் லேத் வாங்குபவர்கள் விலைப்பட்டியலைக் கடைசி வரி வரை படியுங்கள். மோட்டார் தனி, சக் (ஜாபைப் பிடித்துக்கொள்ளும் தலை) தனி, கூலன்ட் பம்ப் தனி என்று போட்டிருப்பார்கள், அப்புறம் 18 சதவீதம் ஜிஎஸ்டி, வண்டி வாடகை. பழைய லேத் வாங்கும்போது பெரும்பாலும் மூன்று ஜா, நான்கு ஜா சக், ஃபேஸ் பிளேட், ஸ்டெடி எல்லாம் கூடவே வந்துவிடும். இதை ஒவ்வொன்றாகக் கடையில் வாங்கினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுவிட்டு இரண்டு விலையையும் ஒப்பிடுங்கள்.

பழைய மெஷினில் உண்மையான ஆபத்து பெட் தேய்மானம்தான். எச்எம்டி எல்பி17 (170 மி.மீ. சென்டர் உயரம்) போன்ற லேத் வருஷக்கணக்காக ஒரே மாதிரி ஜாப் ஓட்டியிருந்தால், சக்குக்குப் பக்கத்தில் பெட் குழிந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. பெயின்ட் புதுசாக அடித்திருந்தால் இன்னும் உஷாராக இருங்கள். சேடிலை (டூலைத் தாங்கி நகரும் பகுதி) சக் பக்கம் கொண்டுவந்து ஆட்டமில்லாமல் கிப்பை (இடைவெளியைச் சரிசெய்யும் பட்டை) இறுக்கிவிட்டு, அப்படியே எதிர்முனையில் உள்ள டெயில் ஸ்டாக் வரை தள்ளுங்கள். போகப் போக இறுகி நின்றுவிட்டால் பெட் தேய்ந்திருக்கிறது, கிரைண்டிங் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள், இல்லையா, விட்டுவிடுங்கள். அடுத்து ஸ்பிண்டில் (சக்கைச் சுழற்றும் தண்டு) டேப்பருக்குள், அதாவது அதன் சரிவான துளைக்குள், டயல் கேஜ் வைத்துச் சுற்றி ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். கியர் பல், ஹாஃப் நட் (லீட் ஸ்க்ரூவைக் கவ்வும் நட்) இரண்டையும் டார்ச் அடித்துப் பாருங்கள். மரை வெட்டும்போது டூலை நகர்த்தும் லீட் ஸ்க்ரூ இஞ்ச் கணக்கில் இருந்தால் 127 பல் கியர் இருக்கிறதா என்று கேளுங்கள், அது இல்லாமல் மெட்ரிக் மரை சரியாக வராது (25.4ஐ ஐந்தால் பெருக்கினால் 127, அதனால்தான் அந்த எண்). பெட், ஸ்பிண்டில் இரண்டும் தேறிவிட்டால் மற்றதெல்லாம் சரிசெய்யக்கூடியதுதான்.

இந்த விஷயத்தில் நம் ஊருக்கு ஒரு வசதி உண்டு. சென்னை அம்பத்தூர், பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டைகளுக்கு நடுவில், ஒரே ஹைவேயில் இருக்கிறோம், இரண்டு பக்கமும் போய்ப் பார்த்து வரலாம். துறைமுகம், கடற்கரைப் பக்கம் நின்ற மெஷினில் துரு அதிகம் இருக்கும். ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்சாலைகளில் உப்புப் போட்ட தோலுக்குப் பக்கத்திலேயே நின்றதும் அப்படித்தான்.

ஆனாலும் நான் பழசின் பக்கம் நிற்பதற்குப் பெரிய காரணம் ரிப்பேர். எச்எம்டி லேத்தின் கியர் பாக்ஸைக் கழற்றி மாட்டிய கைகள் ராணிப்பேட்டையைச் சுற்றி இன்னும் இருக்கின்றன. பல் போன கியரைக் காட்டினால் வெட்டிக் கொடுக்க ஆள் உண்டு, பேரிங் சாதாரணக் கடையிலேயே கிடைக்கும். மினி லேத்தில் வேகத்தை மாற்றும் எலக்ட்ரானிக் போர்டு போனால் அதே போர்டுக்காகக் காத்திருக்க வேண்டியதுதான், எந்த ஃபிட்டராலும் அதைச் செய்து தர முடியாது.

இறக்குவது லேசான வேலை இல்லை. டன்னைத் தாண்டும் லேத்தைக் குட்டியானை தாங்காது, ஹைட்ரா கிரேன் தெருவுக்குள் வருமா என்று முன்கூட்டியே அளந்து பாருங்கள். தரை கெட்டியான கான்கிரீட்டாக இருக்கட்டும், லெவல் பார்க்காமல் போல்ட் இறுக்கினால் பெட் முறுக்கிக்கொண்டு ஜாப் ஒரு பக்கம் பருத்து டேப்பராக வரும்.

கரண்ட் பற்றித்தான் பலர் பயப்படுகிறார்கள். வீட்டுக்கு த்ரீ பேஸ் இருந்தால் பிரச்சினையே இல்லை. சிங்கிள் பேஸ் என்றால் விஎஃப்டி (சிங்கிள் பேஸை த்ரீ பேஸாக்கித் தரும் எலக்ட்ரானிக் பெட்டி) போடலாம், ஆனால் அதிலிருந்து 230 வோல்ட்தான் வரும். 3 எச்பி வரையிலான மோட்டார்கள் பெரும்பாலும் 415 வோல்ட்டுக்கு ஸ்டார் இணைப்பில் கட்டியிருப்பார்கள், 230 வோல்ட்டில் ஓட அதை டெல்டா இணைப்புக்கு மாற்ற வேண்டும். மோட்டாரின் டெர்மினல் பெட்டிக்குள் மூன்று ஒயர் மட்டும் இருந்தால் ரீவைண்டிங் கடையில் கொடுத்து ஆறாக வெளியே எடுக்கச் சொல்லுங்கள். காசு வாங்கி வெளி ஜாப் செய்வதாக இருந்தால் வீட்டு இணைப்பில் ஓட்டாதீர்கள். வெறும் லிவர் சுவிட்ச் உள்ள பழைய லேத், கரண்ட் போய் வந்தால் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும், அந்த நேரம் கை சக்கில் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். டிஓஎல் ஸ்டார்ட்டர் (பட்டன் வைத்த மோட்டார் சுவிட்ச்) போட்டால் நாம் பச்சைப் பட்டனை அழுத்தும் வரை ஓடாது. பெல்ட், கியருக்குக் கவர் போட்டுவிட்டுத்தான் முதல் ஜாப்.

பெஞ்ச் கிரைண்டரைப் பழசாக வாங்க வேண்டாம். வீல் எத்தனை வருஷம் ஈரத்தில் கிடந்தது, எங்கே கீழே விழுந்தது என்று யாருக்கும் தெரியாது, வீலை மூடும் பாதுகாப்பு கார்டும் பாதி இடத்தில் இருக்காது. சின்ன டிரில்லிங் மெஷினும் புதுசே போதும், பழசில் ஸ்பிண்டில் ஆட்டம் சகஜம், அதைச் சரிசெய்கிற காசுக்குப் புதுசே வந்துவிடும். மில்லிங்கை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். லேத்தில் வெர்ட்டிகல் ஸ்லைடு (ஜாபை மேலும் கீழும் நகர்த்தும் இணைப்பு) மாட்டினால் சின்ன கீவே (சாவிப் பள்ளம்), ஸ்லாட் வேலை ஓடிவிடும். அதற்கு மேல் வேலை சேர்ந்த பிறகு ஒரு பழைய டரெட் மில்லைத் (மில்லிங் மெஷினில் ஒரு வகை) தேடி டிஆர்ஓ (நகர்வை எண்ணில் காட்டும் டிஜிட்டல் கருவி) மாட்டிக்கொள்ளலாம்.