தொப்பியில் தெரிந்துவிடும்: மூன்று மூடிய ஹெட்போன்கள், முதல் அபிப்பிராயம்

ஓபன் பேக், அதாவது முதுகு திறந்த ஹெட்போனுக்கு ஈடில்லை என்று சாதிப்பவர்கள் ஆடி மாசத்தில் ஒருநாள் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் தங்கிப் பார்க்கட்டும். தெருமுனை அம்மனுக்குக் கூழ் ஊற்றும் அன்று விடிவதற்குள் குழாய் ஸ்பீக்கர் முழங்க ஆரம்பித்துவிடும். இங்கே வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்க முதுகு மூடிய ஹெட்போன்தான் சரிப்படும். ஆனால் மூடினால் ஒரு தொல்லை. டிரைவரின் (சவ்வு அதிர்ந்து சத்தம் எழுப்பும் பாகம்) பின்பக்கச் சத்தம் வெளியே போக வழியில்லாமல் கிண்ணத்துக்குள் மோதித் திரும்பும். சில அலைவரிசைகளைத் தூக்கும், சிலவற்றை அமுக்கும். அந்தச் சத்தத்தை என்ன செய்கிறார்கள் என்பதில்தான் லட்சக்கணக்கில் விலை வைக்கும் கம்பெனிகள் ஆளுக்கொரு வழி போகின்றன.

சிங்கப்பூரிலிருந்து விடுப்பில் வந்த நண்பரிடம் மூன்று இருந்தன: சென்ஹைசர் ஹெச்.டி. 820, ஃபோகல் ஸ்டெல்லியா, டான் கிளார்க் ஆடியோவின் ஸ்டெல்த். கேட்டது பெரும்பாலும் கச்சேரிப் பதிவுகள், அதிலும் தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம். மிருதங்கத்தின் இடந்தலையில், ரவைப் பசை அப்பிய அந்தத் தொப்பியில், உள்ளங்கையை அழுத்திச் சறுக்கும்போது எழும் கும்கி இருக்கிறதே, ஹெட்போனின் யோக்கியதை அதில் தெரிந்துவிடும்.

ஹெச்.டி. 820 வந்தது 2018இல். கிண்ணத்தின் மூடி உள்வளைந்த கொரில்லா கண்ணாடி. பின்சத்தத்தை ஓரத்திலுள்ள அடக்கும் அறைகளுக்குத் திருப்பிவிடுவது அதன் வேலை. 360 கிராம்தான், தலையில் இருப்பதே தெரியவில்லை. மேடையின் அகலம் மூன்றிலும் இதில்தான் அதிகம். கடம் ஒரு ஓரம், கஞ்சிரா ஒரு ஓரம் என்று விரல் நீட்டிக் காட்டலாம். ஆனால் தொப்பியின் அடி ‘தொம்’மென்று விழுந்ததும் அதற்கு மேலே இருக்க வேண்டிய சதை இல்லை. பாடகரின் நெஞ்சுக்குரலும் அப்படித்தான், தொண்டையிலிருந்து மட்டும் பாடுகிறார். இன்னொன்று: நண்பர் மூக்குக் கண்ணாடி போடுபவர். காதுமெத்தைக்கும் கன்னத்துக்கும் நடுவே கண்ணாடிக் கம்பி ஓடியதில் இடைவெளி விழுந்து, கீழ்ச்சத்தம் ஒழுகிப் போய்விட்டது. கையால் அழுத்திப் பிடித்ததும் திரும்பி வந்தது. அழுத்திப் பிடித்துக்கொண்டே கச்சேரி கேட்க முடியுமா?

ஸ்டெல்லியாவை மாட்டிய உடனே கும்கி கிளம்பி, இழுபட்டு, முடிகிற இடம்வரை கேட்டது. பிரான்சில் செய்வது, 2019இல் வெளியானது, பெரிலியம் உலோகச் சவ்வுள்ள 40 மி.மீ. டிரைவர். அடி விழுகிற வேகமும் அது அடங்குகிற வேகமும் பிரமாதம். கொஞ்சம் முன்னால் தள்ளி உட்கார்ந்து பாடுகிற ஒலி. கண்ணியமான நடுநிலை எதிர்பார்ப்பவர்கள் முகம் சுளிப்பார்கள், எனக்குப் பிடித்தது. குறை இல்லாமலில்லை. எண்பதுகளின் சினிமாப் பாட்டில் வயலின் கூட்டம் மொத்தமாக ஏறும் இடத்தில் மேல்சத்தம் கீறியது, ‘ஸ’வெல்லாம் சீறியது. 435 கிராம் கனம், போதாக்குறைக்குத் தோல் மெத்தை. கடலூர்ப் புழுக்கத்தில் அரை மணி நேரத்தில் காதோரம் நசநசவென்று ஆகிவிடும்.

2021இல் வந்த ஸ்டெல்த்தின் உத்தி வேறு. சவ்வுக்கும் காதுக்கும் நடுவே மெட்டாமெட்டீரியல் என்ற தடுப்பு. தேன்கூடு மாதிரி அதிலுள்ள நுண்ணிய பாதைகளில் வேண்டாத எதிரொலி அடங்கிவிடுகிறது. மூடிய ஹெட்போன் என்ற நினைப்பே வரவில்லை. தொப்பி, வலந்தலை, குரல், தம்புரா, எதுவும் துருத்தவில்லை, எதுவும் குறையவில்லை. வெளிச்சத்தம் நுழையாததிலும் இதுதான் முதல். “தம்பி, காபி ஆறிப்போவுது” என்று நண்பரின் அம்மா கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் தோளைத் தட்டினார். “என்னடா இது, காதுல சட்டிய கவுத்துக்கிட்டு ஊமக்கோட்டான் மாதிரி உக்காந்திருக்கீங்க!”

மூன்றில் சரியானது எது என்றால் ஸ்டெல்த், மறுபேச்சில்லை. ஆனால் ஒரு மணி நேரம் கேட்டும் அது ஒரு தடவைகூட என்னைத் தாளம் போட வைக்கவில்லை. தவிர அது கரன்ட் தின்னும். மின்தடை 23 ஓம்தானே, போனிலேயே ஓடிவிடும் என்று ஏமாறக்கூடாது. உணர்திறன் குறைவு, கொடுக்கும் மின்சாரத்துக்கு எழும் சத்தம் கம்மி; போனில் சொருகும் குட்டி ஆம்ப்ளிஃபயரான டாங்கிளுக்கு முனகத்தான் செய்தது. மேசை ஆம்ப்ளிஃபயர் கட்டாயம். மதியம் கரன்ட் போனதும் அது ஊமையாகிவிட்டது. ஸ்டெல்லியாவைப் போனில் போட்டு மிச்சக் கச்சேரியைக் கேட்டோம்.

வெளிவந்தபோது அமெரிக்காவில் ஹெச்.டி. 820 ஏறத்தாழ 2,400 டாலர், ஸ்டெல்லியா 3,000, ஸ்டெல்த் 4,000. இங்கே சுங்கம், ஜி.எஸ்.டி. எல்லாம் அதன் மேல் ஏறும். சொந்தக் காசு போட்டால் நான் எடுப்பது ஸ்டெல்லியா. நண்பர் ஸ்டெல்த்தை விடமாட்டார். ஹெச்.டி. 820ஐ விற்கப் போகிறாராம். கண்ணாடி போடாதவராக இருந்து, வீணையும் புல்லாங்குழலும் அதிகம் கேட்பவராகவும் இருந்தால் செகண்ட் ஹேண்டில் அது லாபம்தான்.