பிளஸ் டூ முடித்த பிள்ளைகளைத் தேடி வரும் போன்: சேரும் வரை ஜோர், அப்புறம்?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு, "மக்களே, எந்த காலேஜில் சேர்ந்தே?" என்று பள்ளிக்கூடத்திலிருந்து போன் வருவதெல்லாம் எங்கள் காலத்தில் கிடையாது. என் மகளுக்கு வந்தது. நாகர்கோவிலில் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில்தான் படித்தாள், இப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. பள்ளி மாணவர் பதிவேடான எமிஸில் ஒரு எண், கல்லூரி மாணவர் பதிவேடான யுமிஸில் ஒரு எண் என்று தமிழக அரசு இந்தப் பிள்ளைகளைப் பின்தொடர்கிறதே, அந்தச் சேவைக்கு நான் போடும் மார்க்: கல்லூரியில் சேர்த்துவிடுவதற்கு ஐந்துக்கு நாலரை, படிப்பை முடிக்க வைப்பதற்கு இரண்டு.

நாலரை சும்மா இல்லை. மகளோடு படித்த ஒரு பிள்ளை கவுன்சிலிங் எல்லாம் முடிந்தும் எங்கேயும் சேராமல் வீட்டில் இருந்தாள். அவளை 'உயர்வுக்குப் படி' முகாமுக்குக் கூப்பிட்டார்கள், அங்கே கல்லூரி, பாலிடெக்னிக், ஐடிஐ ஆட்கள் எல்லாம் வந்திருந்ததால் கோணத்துக்கும் தக்கலைக்கும் அலையாமல் ஒரே இடத்தில் விஷயம் முடிந்தது. யார் சேரவில்லை என்ற பட்டியல் கையில் இருந்ததால்தானே கூப்பிட முடிந்தது.

பணமும் அதே பதிவை வைத்துத்தான். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு 2022 செப்டம்பரில் வந்த புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய், பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன். அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் புதுமைப் பெண் பணம் பிறகு கிடைத்தது, நம் மாவட்டத்தில் அந்த வகைப் பள்ளிகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். எங்களுக்கு முதல் பணம் தாமதம்தான். கல்லூரி அலுவலகத்தில் இனிஷியலை மாற்றி ஏற்றிவிட்டார்கள், கேட்டால் பேங்கில் கேளுங்கள், பேங்கில் கேட்டால் கல்லூரியில் கேளுங்கள். எந்தக் கல்லூரி என்று எழுதப் போவதில்லை, பிள்ளை இன்னும் அங்கேதான் படிக்கிறாள்.

இரண்டு மார்க் ஏன் என்றால், சேர்ந்த பிறகு போன் நின்றுவிடுகிறது. முதல் வருடம் நாலு அரியர் விழுந்து, ஹால் டிக்கெட் வாங்காமல், மெதுவாக ஜவுளிக்கடை வேலைக்கு நகர்கிற பிள்ளையை யாரும் கூப்பிட்டு ஏன் மக்களே வரவில்லை என்று கேட்பதாக நான் கேள்விப்படவில்லை. பணம் நின்றால்தான் வீட்டுக்கே தெரிகிறது.

சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடிக்கிறார்கள் என்ற கணக்கை அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 2000-ல் அந்த நகரத்து அரசுப் பள்ளிகளில் முடித்து கல்லூரியில் சேர்ந்தவர்களில் ஏழு வருடத்தில் பட்டமோ சான்றிதழோ வாங்கியவர்கள் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். 2008-ல் அது வெளியே வந்ததும் ஊரே கலங்கி, சேர்ந்த பிறகும் பிள்ளைகளோடு கூட இருக்க ஆள் போட்டார்கள். அங்கே நாடு முழுக்க உள்ள பெரும்பாலான கல்லூரிகளின் பதிவு ஒரே இடத்தில் கிடைக்கிறது, பிள்ளை வேறு மாநிலத்துக்குப் போனாலும் தெரியும்.

நமக்கு இது ரொம்ப முக்கியம். களியக்காவிளை தாண்டினால் கேரளா. விளவங்கோடு பக்கத்துப் பிள்ளைகள் திருவனந்தபுரத்தில் சேர்வதும், நர்சிங் படிக்க பெங்களூர் போவதும் இங்கே புதிதல்ல. யுமிஸ் தமிழ்நாட்டுப் பதிவு. எல்லை தாண்டிய பிள்ளை படிப்பை முடித்தாளா விட்டாளா என்று அதில் எப்படித் தெரியும்? சென்னையில் உட்கார்ந்து திட்டம் போடுகிறவர்களுக்கு இது சின்ன விஷயமாகப் படலாம், இங்கே அப்படியில்லை.

இந்த வருடம் பிளஸ் டூ எழுதுகிற பிள்ளை வீட்டில் இருந்தால் எமிஸில் உள்ள பெயர், இனிஷியல், பிறந்த தேதி ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று பள்ளியில் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள், டிசி வாங்கிய பிறகு திருத்துவது பெரிய பாடு. ஆதார் இணைத்த பேங்க் கணக்கு பிள்ளையின் பெயரிலேயே இருக்கட்டும். கல்லூரியில் சேர்ந்ததும் யுமிஸ் எண்ணைக் கேட்டு வாங்கி எழுதி வையுங்கள், அவர்களாகத் தருவார்கள் என்று இருக்க வேண்டாம்.