பி.டி. பீரியடைக் காப்பாற்ற எந்தக் கட்டுரை?

"பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்ளலாமா?" எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வாதாடி எழுத வைக்க இதைவிடச் சூடான தலைப்பு கிடைக்காது. எப்படி எழுத வைப்பது என்பதில்தான் சிக்கல்.

நம் கைவசம் இருப்பது முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை என்ற பழைய சட்டகம். திருத்துவது சுலபம், பொதுத்தேர்வுக்கும் உதவும். ஆனால் வருவது இப்படித்தான்: "உடற்பயிற்சி உடலுக்கு நல்லது. நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம். ஆகவே விளையாட்டு அவசியம்." சரி, சிலபஸ் முடியவில்லை என்கிறாரே கணக்கு ஆசிரியர், அவருக்கு என்ன பதில்? அவர் கட்டுரைக்குள் வரவே இல்லை.

பிரிட்டிஷ் தத்துவ அறிஞர் ஸ்டீபன் டூல்மின் 1958-இல் முன்வைத்த வாத அமைப்பு வெளிநாட்டு வகுப்பறைகளில் பிரபலம். கூற்று, சான்று, இரண்டையும் இணைக்கும் நியாயம் என்று தொடங்கி மொத்தம் ஆறு உறுப்புகள். பதின்மூன்று வயதுக்கு ஆறும் அதிகம். கட்டம் நிரப்புகிற வேலையாகிவிடும். முதல் மூன்றோடு நிறுத்திக்கொள்ளலாம்.

என் ஓட்டு பட்டிமன்றத்துக்கு. முதலில் பேச்சு, பிறகு அணி மாறி எதிர்த்தரப்புக்காகப் பேச்சு, அப்புறம்தான் எழுத்து. எதிராளி எதிர் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பதால் அவர் காரணத்தைக் கேட்காமல் தப்ப முடியாது. பிறர் கொள்கையை முதலில் ஏற்றுக்கொண்டு பின் களைவதை, நூலாசிரியரின் எழுவகை மதங்களில் (கொள்கைகளில்) ஒன்றாக 13-ஆம் நூற்றாண்டிலேயே நன்னூல் சொல்லிவிட்டது. அமெரிக்காவின் 2010 காமன் கோர் (பல மாநிலங்களுக்குப் பொதுவான) பாடத்தரம் எதிர்க்கருத்தையும் குறிப்பிடச் சொல்வது ஏழாம் வகுப்பில்தான். ஆறாம் வகுப்புக்கு அந்த வரி இல்லை. ஆக, நம் எட்டாம் வகுப்புக்கு இது எட்டுகிற வேலைதான்.

பட்டிமன்றத்திலும் ஒரு வம்பு உண்டு. கைதட்டலுக்காக நக்கல் அடிப்பார்கள், அது அப்படியே தாளுக்கும் வரும். அதனால் எழுதும்போது கட்டுரை வேண்டாம், தலைமையாசிரியருக்குக் கடிதமாகக் கேளுங்கள். யாரிடம் கேட்கிறோம் என்று தெரிந்ததும் தொனி மாறுகிறது: "தேர்வு நெருங்கும்போது பாடம் முடிக்க நேரம் போதவில்லை என்பது உண்மைதான், ஐயா. ஆனால் வாரத்துக்கு இரண்டு பீரியட்தான் மைதானம் எங்களுக்கு. கணக்கை மாலையில் நடத்தினால் இருந்து படிக்கத் தயார்."

பட்டிமன்றத்துக்கு ஒரு பீரியட், கடிதத்துக்கு இன்னொன்று ஆகும். திருத்தும்போது எதிர்த்தரப்பின் காரணத்தை நேர்மையாகச் சொன்னதற்குத் தனி மதிப்பெண் போடுங்கள். பழமொழிக்குப் போடவே வேண்டாம்.